சவுண்ட் ஸ்மால், குட்

எண்பதுகளின் கடைசியில், ஒரு மார்கழி மாத விடியற்காலை. சூளகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே, நெடுஞ்சாலை ஓரம், ஒரு புளியமரத்தின் அடியில் நான் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எங்கள் பக்கத்து மார்கழிப் பனியைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கையை நீட்டினால் விரல் நுனி மங்கலாகத் தெரியும். சாலையில் போகிற லாரிகளின் விளக்குகள் பூசணிப் பூ மாதிரி மெல்ல மலர்ந்து, மெல்ல வாடிப் போகும். சத்தம் மட்டும் எங்கிருந்து வருகிறது என்றே சொல்ல முடியாது. வலது பக்கம் நாய் குரைத்தால் இடது பக்கம் திரும்பிப் பார்ப்போம்.

அந்த இடத்தில் என்னைத் தவிர யாரும் பஸ் ஏற மாட்டார்கள். எனக்கு அது பிடித்தும் இருந்தது. யாரிடமும் பேச வேண்டியதில்லை. நான் அப்போது அப்படித்தான். இப்போதும் பெரிதாக மாறிவிட்டேன் என்று சொல்ல முடியாது. கடையில் மீதிச் சில்லறை கேட்கக் கூச்சப்பட்டு வந்துவிடுகிற ஆள்.

ஓசூரில் டிரான்ஸ்பார்மருக்குக் காயில் சுற்றுகிற ஒரு கம்பெனியில் வேலை. தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பியை மெஷினில் சுற்ற வேண்டும். பெரும்பாலும் பெண்கள்தான். ஒருத்தி வீட்டில் தெலுங்கு, ஒருத்தி வீட்டில் கன்னடம், இன்னொருத்தி வீட்டில் உருது. கேன்டீனில் உட்கார்ந்தால் ஒரே வாக்கியத்தில் மூன்று பாஷையும் வந்துவிடும். அந்தக் கலகலப்பில் நான் மட்டும் டிபன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன்.

அந்த வருஷம் கம்பெனியில் எங்களுக்கு இங்கிலீஷ் வகுப்பு வைத்தார்கள். மெஷினோடு வருகிற குறிப்புகள் எல்லாம் இங்கிலீஷில் இருந்தன. வெளியூரிலிருந்து சரக்கு பார்க்க வருகிறவர்கள் எங்களிடம் ஏதாவது கேட்டால் நாங்கள் சூப்பர்வைசர் முகத்தைப் பார்ப்போம். அதனால் சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் கேன்டீனிலேயே வகுப்பு. பெங்களூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாக பஸ்ஸில் ஒரு டீச்சர் வருவார். என் வயதை விடக் கொஞ்சம் கூட இருக்கும். கன்னடக்காரர். தமிழ் தட்டுத் தடுமாறி வரும்.

எனக்கு அந்த வகுப்பைப் பற்றி முதலில் பயமே இல்லை. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் இலக்கணத்தில் நான்தான் முதல். சார் பிரம்பைத் தூக்குவதற்குள் ஆக்டிவ் வாய்ஸைப் பாசிவ் வாய்ஸாக மாற்றிவிடுவேன். டென்ஸ் அட்டவணை முழுக்க மனப்பாடம். ஆனால் அந்த டீச்சர் கரும்பலகையே கேட்கவில்லை. இலக்கணம் பக்கமே போகவில்லை. கம்பி வருகிற அட்டைப்பெட்டியைக் கிழித்து, இரண்டு பேருக்கு நடுவே மேஜையில் மறைப்பாக நிறுத்தினார். ஒருத்தி கையில் ஒரு ஊரின் படம். தபால் ஆபீஸ், கோயில், பாலம், ஆஸ்பத்திரி எல்லாம் குறித்திருக்கும். எதிரில் இருக்கிறவள் கையில் அதே ஊர், ஆனால் வெறும் தெருக்கள். எது எங்கே இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுத்தான் அவள் தன் படத்தை நிரப்ப வேண்டும். எட்டிப் பார்க்கக் கூடாது, தமிழ் கூடாது, கை காட்டக் கூடாது.

எனக்கு ஜோடியாக வந்தவள் பேரிகை என்கிற ஊர்ப் பக்கத்துத் தெலுங்குப் பெண். இலக்கணம் என்றால் என்னவென்றே தெரியாது. "போஸ்ட் ஆபீஸ் வேர்? மை சைடா, யுவர் சைடா?" என்று கேட்பாள். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ். டீச்சர் அதைத் திருத்தவே மாட்டார். எனக்கு அது பெரிய குறையாகத் தோன்றும். இவருக்கே இலக்கணம் தெரியாதோ என்றுகூட நினைத்திருக்கிறேன்.

என் முறை வந்தால் நான் முழு வாக்கியத்தையும் மனதில் எழுதுவேன். இங்கே 'இன்' வருமா 'அட்' வருமா என்று யோசிப்பேன். அடிப்பேன், திரும்ப எழுதுவேன். அதற்குள் அட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்.

"ஏமே, நீ போஸ்ட் ஆபீஸ் கட்டி முடிக்கறதுக்குள்ள எனக்குக் கல்யாணமே ஆயிடும்போல இருக்குது."

கேன்டீனே சிரிக்கும். நான் இன்னும் உள்ளே போய்விடுவேன். ஒரு சனிக்கிழமை டீச்சர் என் பக்கத்தில் வந்து குனிந்து, தன் தடுமாற்றத் தமிழில் சொன்னார். "அந்தப் பக்கம் ஒருத்தர் காத்திட்டு இருக்காங்க. அவ்வளவுதான். வேற ஒண்ணும் யோசிக்க வேண்டாம்." எனக்கு அப்போது அது புரியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து வகுப்புக்கு வரவில்லை என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன்.

அந்த வாரத்தில்தான் ஒரு நாள், அந்தப் புளியமரத்தடியில், பனிக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது.

இந்தியில் ஏதோ கூப்பிட்டது. ஆளைக் காணோம். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு மரத்தோடு ஒட்டிக்கொண்டேன். விடியாத நேரம், தனியாக நிற்கிற பெண், தெரியாத பாஷையில் ஓர் ஆண். பதில் சொல்லாமல் இருப்பதுதான் சரி என்று வீட்டில் சொல்லி வளர்த்திருந்தார்கள். குரல் மறுபடி கூப்பிட்டது. கொஞ்சம் நகர்ந்திருந்தது. சாலையிலிருந்து வரவில்லை, சாலைக்குக் கீழே இருந்த வயலிலிருந்து வந்தது. அது எங்கள் பெரியப்பா நிலம்.

அப்போதுதான் இன்னொரு சத்தத்தைக் கவனித்தேன். பெரியப்பாவின் ஆயில் இன்ஜின். மின்சாரம் வராத நாட்களில் அதை ஓட்டித்தான் கிணற்றுத் தண்ணீரை இறைப்பார். இன்ஜினைக் கிளப்பிவிட்டு, மடை மாற்ற நிலத்தின் கோடிக்குப் போய்விடுவார். தடதடவென்று நின்ற இடத்தில் ஓடும் லாரி மாதிரியே இருக்கும் அந்தச் சத்தம்.

நடந்தது என்னவென்று எனக்கு ஒரு நொடியில் புரிந்தது. குளிர்காலத்தில் வடக்கத்தி லாரிக்காரர்கள் வண்டியை அணைக்காமல் ஓரம் கட்டிவிட்டுத் தண்ணீர் கேனோடு வயலுக்குள் இறங்குவார்கள். இந்த மனிதரும் அப்படி இறங்கியிருக்கிறார். பனியில் திசை தப்பிவிட்டது. இன்ஜின் சத்தம் கேட்கிறது. தன் லாரி என்று நினைத்து அதை நோக்கி நடக்கிறார்.

அந்த இன்ஜின் கிணற்றின் விளிம்பில் இருந்தது. பாறையை வெட்டி எடுத்த சதுரக் கிணறு. சுற்றுச்சுவர் கிடையாது. மேலே நின்று கல்லைப் போட்டால் தண்ணீரில் விழுகிற சத்தம் கொஞ்சம் கழித்துத்தான் கேட்கும்.

"அங்க போவாதீங்க, கெணறு இருக்குது" என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பதிலுக்கு அவர் சந்தோஷமாக ஏதோ சொன்னார். ஆள் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம். ஆனால் நிற்கவில்லை. தெலுங்கில் சொன்னேன். கன்னடத்தில் தெரிந்ததைச் சொன்னேன். அவர் குரல் இன்னும் இன்ஜின் பக்கமாகவே போனது. "லாரி. மை லாரி. கமிங், கமிங்" என்றார்.

சரி, இங்கிலீஷ். எனக்குத் தெரிந்த பாஷைதான். நம்ப மாட்டீர்கள், அந்த நேரத்திலும் என் மனசு வாக்கியம் எழுத ஆரம்பித்தது. யூ ஷுட் நாட் என்று ஆரம்பிப்பதா, யூ மஸ்ட் நாட் என்று ஆரம்பிப்பதா. பனி என் முகத்துக்கு முன்னால் வெள்ளை அட்டை மாதிரி நின்றது. கேன்டீன் மேஜையில் நிற்குமே, அதே அட்டை. படம் முழுக்க என் கையில். கிணறு எங்கே, வரப்பு எங்கே, சாலை எங்கே, எல்லாம் எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் இருக்கிறவர் கையில் ஒன்றுமே இல்லை. அந்தப் பக்கம் ஒருத்தர்.

"ஸ்டாப்" என்று கத்தினேன். "ஸ்டாப். நோ வாக். ஸ்டாப்."

குரல் நின்றது.

"வெல்" என்றேன். அவருக்கு அந்தச் சொல் தெரியவில்லை. "வாட்?" என்றார். உடனே வேறு சொற்கள் வந்தன, எங்கிருந்து வந்தன என்று தெரியாது. "வாட்டர். பிக் ஹோல். டீப். நோ வால். யூ ஃபால்."

இன்ஜின் மட்டும் ஓடியது.

"வாட் நியர் யூ?" என்று கேட்டேன். "யுவர் லெக். வாட் இஸ் தேர்?"

"லீஃப். ஸ்மெல். தனியா" என்றார். கொத்தமல்லி விதையை நாங்களும் மளிகைக் கடையில் தனியா என்றுதான் கேட்போம். பெரியப்பா நிலம் முழுக்கத் தக்காளி. கிணற்றை ஒட்டி இரண்டே பாத்தி மட்டும் கொத்தமல்லி. அப்படியென்றால் அவர் கிணற்றின் ஓரத்துக்கே வந்துவிட்டார். அவர் மிதித்த கொத்தமல்லியின் வாசனை அந்தப் பனியில் எனக்கும் வந்ததாகவே இன்றும் ஞாபகம். அவ்வளவு தூரம் வந்திருக்குமா என்று தெரியாது.

"சிட்" என்றேன். "சிட் டவுன். ஹேண்ட் புட். ஃப்ரன்ட், ஹேண்ட் புட்."

அவர் உட்கார்ந்து கையால் தடவிப் பார்த்திருக்க வேண்டும். அடுத்து வந்த குரல் வேறு ஆளுடைய குரல் மாதிரி இருந்தது. அவ்வளவு சின்னதாகிவிட்டது.

"சிஸ்டர். ஃப்ரன்ட், நோ கிரவுண்ட்."

அதற்குப் பிறகு அவர் அசைய மறுத்துவிட்டார். "ஐ நோ கோ" என்றார். எது முன்னால் எது பின்னால் என்று அவருக்குத் தெரியவில்லை. எந்தப் பக்கம் கையை வைத்தாலும் பள்ளம் இருக்கும் என்ற பயம். நான் இறங்கி ஓடலாம் என்று வரப்பு வரை போனேன். எனக்கும் என் கால் தெரியவில்லை. ராத்திரி பாய்ச்சிய ஈரம். நானும் வழுக்கி விழுந்தால் சொல்வதற்கு ஆள் இல்லை. பெரியப்பாவைக் கூப்பிட்டேன். நிலத்தின் கோடியில் அவருக்குக் கேட்கவில்லை.

எங்கோ தள்ளி நின்ற லாரியின் சத்தம் அந்தத் தடதடப்பில் அமுங்கிவிட்டது, லாரிக்காரருக்குக் கேட்பதற்கு இருந்தது இரண்டே சத்தம்தான். இன்ஜினும் நானும். அதை வைத்துத்தான் சொல்ல முடியும் என்று தோன்றியது.

"இன்ஜின் சவுண்ட், யுவர் லாரி நோ. வாட்டர் இன்ஜின். சவுண்ட் பிக், நோ குட். சவுண்ட் ஸ்மால், குட். ஸ்லோ. ஹேண்ட், லெக், பேபி லைக்."

பிறகு அவர் குரல், மெதுவாகப் பாடம் ஒப்பிப்பது போல: "சவுண்ட் ஸ்மால், குட்."

"யெஸ். சவுண்ட் ஸ்மால், குட்."

"ஓகே, சிஸ்டர். யூ டாக். யூ நோ ஸ்டாப். யூ டாக், ஐ கம்."

வாழ்க்கையில் யாரும் என்னிடம் கேட்காத ஒன்றை அவர் கேட்டார். நிறுத்தாமல் பேசு என்றார். நான் நிறுத்தினால் அவர் நின்றுவிடுவார். என்ன பேசுவது? வாயில் வந்தது அந்த டென்ஸ் அட்டவணைதான். ஐ கோ, யூ கோ, ஹீ கோஸ், ஷீ கோஸ் என்று ஆரம்பித்தேன். ஐ வென்ட். ஐ ஹேவ் கான். பள்ளிக்கூடத்தில் பிரம்புக்குப் பயந்து படித்ததையெல்லாம் பனிக்குள் கயிறு மாதிரி விட்டுக்கொண்டே இருந்தேன். நடுநடுவே "சவுண்ட்?" என்று கேட்பேன். "ஸ்மால்" என்று பதில் வரும். ஒரு தடவை "பிக்" என்றார். "ஸ்டாப். டர்ன்" என்றேன். பிறகு மறுபடி "ஸ்மால்."

அட்டவணை தீர்ந்துவிட்டது. அவர் இன்னும் வந்து சேரவில்லை. அதன்பிறகு நான் பேசியது எல்லாம் என் சொந்தப் பேச்சு. மை ஃபாதர், டூ கவ் என்றேன். மை வொர்க், காயில். ஒயர், ஹேர் லைக். ஒயர் கட், சூப்பர்வைசர் ஷவுட். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு மாதிரி ஏதோ கேட்டது. கொத்தமல்லி மண்ணில் முட்டி போட்டுத் தவழ்ந்துகொண்டே ஒரு மனிதர் சிரிக்கிறார். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. சாட்டர்டே, இங்கிலீஷ் கிளாஸ் என்றேன். தேர், ஐ நோ டாக். ஆல் லாஃப். ஐ ஃபியர். என் வீட்டில்கூட சொல்லாததை முகம் தெரியாத ஒருவரிடம், முகம் தெரியாததாலேயே, சொல்லிக்கொண்டு நின்றேன். எத்தனை நேரம் என்று தெரியாது. கனவில் பேசுகிற மாதிரி, என் குரல் எனக்கு வெளியே எங்கோ நின்று பேசுவது போல இருந்தது.

"ஸ்டிக்" என்றார் அவர் திடீரென்று. "ஸ்டிக். டமாட்டர்."

தக்காளிக்கு ஊன்றிய குச்சிகள். கிணறு பின்னால் போய்விட்டது. "குட்" என்று கத்தினேன். "வெரி குட். ஸ்டான்ட். வாக். ஸ்டிக் லைன், கம்."

அவர் நான் நின்ற இடத்துக்கு வரவில்லை. கொஞ்சம் தள்ளி, சாலை மேட்டில் ஏறினார். கம்பளி போர்த்திய ஓர் உருவம், கையில் ஒரு சின்ன கேன். அவ்வளவுதான் தெரிந்தது. இரண்டு பேரும் அப்படியே நின்றோம். இத்தனை நேரம் பேசிய இங்கிலீஷ் எங்கே போனதோ, இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை வரவில்லை. அவர் இரண்டு கையையும் குவித்துத் தலைக்கு மேல் தூக்கினார். அப்போது எதிர்ப் பக்கத்திலிருந்து லாரி ஹாரன் கேட்டது. கூட வந்தவர் தூக்கம் கலைந்து தேடியிருப்பார். உருவம் அந்தப் பக்கம் திரும்பி நடந்தது. கதவு சாத்துகிற சத்தம், பின்விளக்கின் சிவப்பு, பிறகு வெறும் பனி. அவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மண்வெட்டியும் கையுமாகப் பெரியப்பா வந்து சேர்ந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம் பாப்பா, தனியா நின்னுக்கினு யார்கிட்ட இங்கிலீசு பேசற? காத்து கீத்து புடிச்சிக்கிச்சா?"

"கெணத்தாண்ட ஒரு ஆளு போயிட்டாரு பெரியப்பா. லாரின்னு நெனச்சிக்கினு."

அவர் நேராகக் கிணற்றுப் பக்கம் போனார். அதற்குள் கம்பெனி பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தேன். தொண்டை கட்டிப் போயிருந்தது. யாரோ ஏதோ கேட்டார்கள், தலையை மட்டும் ஆட்டினேன். பழைய ஆளாகிவிட்டேன்.

சாயங்காலம் திரும்பியபோது பெரியப்பா கிணற்றைச் சுற்றி முள் அடைத்துக்கொண்டிருந்தார். ஈர மண்ணில் விளிம்பை ஒட்டிப் பதிந்திருந்த இரண்டு கைகளை எனக்குக் காட்டினார். ஒரு கையின் விரல்கள் விளிம்பைத் தாண்டி மடங்கியிருந்தன. நான் அங்கே நிற்காமல் திரும்பிவிட்டேன்.

"ரெண்டு பாத்தி மல்லி போச்சு" என்றார் பெரியப்பா. பிறகு, "போவட்டும்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை வகுப்புக்குப் போனேன். அட்டைக்கு அந்தப் பக்கம் என் பேரிகைக்காரி. ஆஸ்பத்திரி எங்கே என்று அவள் கேட்டாள். நான் யோசிக்கவில்லை. "பிரிட்ஜ் கிராஸ், லெஃப்ட், டெம்பிள் பேக் சைட்" என்றேன். அட்டைக்கு மேலே அவள் தலை எழுந்தது.

"மிஸ், இவ இல்ல மிஸ். இவள மாதிரி வேற யாரோ வந்துக்கறாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீச்சர் என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். இங்கிலீஷில்தான். எத்தனை தப்பு இருந்திருக்கும் என்று எனக்கே தெரியும். கிணற்றுக்கு 'ஹோல்' என்றேன். நேற்று நடந்ததையும் இன்று நடப்பதையும் கலந்து கட்டினேன். டீச்சர் எதையும் திருத்தவில்லை. பெஞ்சின் நுனிக்கு வந்து, கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, நான் நிறுத்தும்போதெல்லாம் ஒரே ஒரு சொல் கேட்டார். "தென்?" அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். அந்த மனிதர் பிழைத்தாரா என்று. அவர் இத்தனை நாளும் ஏன் திருத்தவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. பிற்பாடு அவரே இலக்கணமும் சொல்லிக் கொடுத்தார். எனக்கு அது முன்பே தெரிந்திருந்தும், அப்போதுதான் அதற்கு ஒரு வேலை இருப்பதாகத் தோன்றியது.

என் இங்கிலீஷ் இன்றும் அரைகுறைதான். இப்போது எங்கள் ஊர்ச் சந்தையில் வடக்கத்திப் பையன்கள் வந்து தமிழில் தட்டுத் தடுமாறி வழி கேட்கிறார்கள். பக்கத்தில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டு, அவர்கள் சொல்லி முடிக்கும் வரை நிற்கிறேன். நானே பேச வேண்டி வந்து நாக்கு ஒட்டிக்கொள்கிற போதும், கண்ணை ஒரு நொடி மூடிக்கொள்கிறேன். கொத்தமல்லி வாசனை வருகிறது, பனிக்குள் யாரோ ஒருவர் என் குரலைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டு வந்துகொண்டே இருக்கிறார், அவர் சாலைக்கு வந்து சேரும் வரை நான் நிறுத்தக் கூடாது.